'நாம்' எப்போது 'நாங்கள்' ஆனது?

சென்ற இதழில் எழுதிய ஒரு சின்னப் பதிலுக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் ஒரு பெண், 'உலகத்தின் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைப் பெண்கள் செய்கிறார்கள். உலக வருமானத்தில் பத்து சதவீதம்தான் அவர்களுக்கு. உலகச் சொத்தில் ஒரு சதவீதம்தான் அவர்கள் பெயரில்' என்ற வாசகத்தை மேடையில் சொல்லலாமா என்று கேட்டிருந்தாள். வேண்டாம், அதற்குப் பின்னால் கணக்கு கிடையாது என்று மூன்று வரியில் முடித்திருந்தேன். அந்த மூன்று வரிக்கு வந்த கடிதங்களே இந்தப் பகுதியை நிரப்பிவிட்டன. எழுதியவர்களின் பெயரை இந்த முறை போடவில்லை. பாதிப் பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். மீதிப் பேர் தங்கள் சொந்தச் சங்கத்தைத் திட்டியிருக்கிறார்கள். பெயர் வந்தால் சிக்கல் இரண்டாவது வகையினருக்குத்தான்.

கேள்வி: பெண்களுக்காகப் பேசுகிறவர் என்று நம்பித்தான் உங்களைப் படிக்கிறோம். நம் தரப்பு வாசகத்தை நீங்களே பொய் என்று எழுதினால் எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? எண் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன, சொல்லும் விஷயம் உண்மைதானே? இனிமேல் நாங்கள் உங்களை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 'நம் தரப்பு' என்று எழுதுகிறீர்கள். இரண்டு வாக்கியம் தள்ளி 'நாங்கள் உங்களை' என்கிறீர்கள். அதற்குள் எங்கேயோ என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டீர்கள். கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் ஒரு சொல், விட்டுவிட்டால் வேறு சொல் என்று தன்மைப் பன்மையையே இரண்டு வகையாக வைத்திருக்கும் மொழி நம்முடையது. எத்தனையோ மொழிகளில் இந்த வசதி கிடையாது. அதனால் தமிழில் கோபத்தை ஒளித்துக் கடிதம் எழுதுவது கொஞ்சம் கஷ்டம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாசகத்தை வெளியே நின்று குறை சொல்கிறவள் இல்லை நான். 1985-இல், நைரோபியில் ஐ.நா.வின் உலகப் பெண்கள் மாநாடு நடந்த வருடம், எங்கள் சங்கத்து ஊர்வலத்துக்கு அதைத் தட்டியில் எழுதியவளே நான்தான். நீலச் சாயம் 'பத்து சதவீதம்' வரைக்கும்தான் வந்தது. மிச்சத்தைச் சிவப்பில் எழுதினேன். சொத்தைப் பற்றிய வரி மட்டும் சிவப்பில் இருந்ததால், பார்த்தவர்கள் எல்லாரும் என்ன யோசனை, என்ன யோசனை என்று பாராட்டினார்கள். சாயம் தீர்ந்த கதையை நான் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த ஒரு சதவீதத்தை யார், எங்கே உட்கார்ந்து எண்ணினார்கள் என்று யாரும் கேட்கவும் இல்லை.

பல வருடம் கழித்து, புள்ளியியல் வகுப்பில் ஒரு மாணவி கேட்டுவிட்டாள். தேடிச் சொல்கிறேன் என்று தப்பித்தேன். தேடிப் பார்த்தால், 1980-இல் வந்த ஓர் ஐ.நா. அறிக்கை வழியாக அந்த வாசகம் உலகம் சுற்றியிருக்கிறது. அதற்குக் கீழே தோண்டினால் அட்டவணை எதுவும் அகப்படவில்லை. உலகத்துச் சொத்து முழுவதையும் ஆண், பெண் என்று பிரித்து எண்ணிய கணக்கே அந்தக் காலத்தில் இல்லை. இல்லாத அட்டவணையிலிருந்து ஒரு சதவீதம் எப்படி வரும்?

எண் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று கேட்கிறீர்கள். அந்த வாசகத்தின் முதல் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்: வேலை. அதில் சம்பளம் தரும் வேலை இருக்கிறது, சம்பளமே இல்லாத வேலை இருக்கிறது. வயலிலோ கடையிலோ உழைத்து, வருமானம் மட்டும் குடும்பத் தலைவர் பெயரில் எழுதப்படும் மூன்றாவது ரகமும் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டினால் மூன்றில் இரண்டு பங்கு என்பது சரியா தப்பா என்று சொல்லவே வழியில்லை. மூட்டையைப் பிரித்து, பிள்ளை வளர்ப்பு, நோயாளியைப் பார்த்துக்கொள்வது, வீட்டுப் பராமரிப்பு போன்ற சம்பளமில்லா வேலையை மட்டும் தனியே எடுத்தால் கணக்கு இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்டது. 64 நாடுகளின் நேரக் கணக்கெடுப்புகளை வைத்துப் பார்த்ததில், அந்த வேலையில் 76.2 சதவீதம் பெண்கள் செய்கிறார்கள். ஒரு நாளைக்குப் பெண் 4 மணி 25 நிமிடம், ஆண் 1 மணி 23 நிமிடம்.

கவனித்தீர்களா? என் தட்டியில் இருந்த மூன்றில் இரண்டு பங்கைவிட இது பெரிது. வகை பிரிக்காமல் கத்தியதால் கையில் இருந்த பெரிய எண்ணை விட்டுவிட்டுச் சின்ன எண்ணைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறோம். அது மட்டுமா? சம்பளமில்லா வேலைக்குத் தீர்வு குழந்தைகள் காப்பகம், அப்பாக்களுக்கும் விடுப்பு என்று ஒரு திசையில் போகும். சொத்துக்குத் தீர்வு வாரிசுச் சட்டம், கூட்டுப் பத்திரம் என்று வேறு திசையில் போகும். அந்த ஒரே வாசகத்தை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்றுகூட முடிவு செய்ய முடியாது.

என்னை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நான் இருக்கிற இடத்திலேயேதான் இருக்கிறேன். தட்டியை மட்டும் மாற்றச் சொல்கிறேன்.

கேள்வி: எதைச் சொன்னாலும் 'எந்த வகை?' என்று திருப்பிக் கேட்பது உங்கள் வழக்கம். இது வேலையைத் தள்ளிப்போடும் குதர்க்கம் இல்லையா?

பதில்: சில சமயம் குதர்க்கம்தான். தள்ளிப்போடுவதற்காகவே பிரிக்கிறவர்களைப் பற்றிக் கீழே ஒரு கடிதம் வருகிறது. ஆனால் பிரிக்காததால் வேலை தள்ளிப்போன கதையும் இருக்கிறது.

போலியோ ஒரே கிருமியால் வருகிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 1931-இல் ஆஸ்திரேலியாவில் பர்னெட், மக்னமாரா என்ற இரண்டு மருத்துவர்கள், ஒரு ரகக் கிருமியிலிருந்து பிழைத்த குரங்கு இன்னொரு ரகத்தால் தாக்கப்படுவதைப் பார்த்தார்கள். கிருமிகள் வேறு வேறு. மொத்தம் மூன்று வகை என்று உறுதியாவதற்கு இன்னும் இருபது வருடம் ஆனது. அதற்குப் பிறகுதான், மூன்றையும் அடக்கிய, சால்க் என்ற விஞ்ஞானியின் தடுப்பூசி 1955-இல் வந்தது. ஒரு வகைக்கு மட்டும் மருந்து செய்திருந்தால் மற்ற இரண்டும் ஜாலியாக உலவியிருக்கும்.

கதையின் இரண்டாம் பாதி எனக்கு இன்னும் முக்கியம். இயற்கையில் இருந்த 2-ஆம் வகைக் கிருமி ஒழிந்துவிட்டது என்று 2015-இல் அறிவித்தார்கள். சொட்டு மருந்தில் இருக்கும் பலவீனமான 2-ஆம் வகை, அபூர்வமாக உருமாறி, தானே வாதத்தை உண்டாக்குவதுண்டு. நோய் போன பிறகு அந்த ஆபத்தை ஏன் சுமக்க வேண்டும் என்று, 2016 ஏப்ரலில் 155 நாடுகளிலும் பகுதிகளிலும் 2-ஆம் வகையை மட்டும் சொட்டு மருந்திலிருந்து நீக்கினார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் அதற்குப் பின் பிறந்த குழந்தைகளுக்கு அந்த வகைக்கு எதிர்ப்பு இல்லை. ஏற்கெனவே உருமாறி உலவிக்கொண்டிருந்த கிருமி அவர்களிடையே பரவியது. 2024-இல், ஒழிப்புத் திட்டமே அமர்த்திய நிபுணர்கள், அந்த மாற்றம் முழுத் தோல்வி என்று எழுதினார்கள்.

தடுப்பு மருந்தை எதிர்க்கிறவர்கள் காதில் விழுமே என்று அவர்கள் வாயை மூடிக்கொள்ளவில்லை. 'சொட்டு மருந்து தோல்வி' என்று மொத்தமாகவும் சொல்லவில்லை. எந்த வகை, எந்த மாதம், எந்த முடிவு என்று விரல் வைத்துக் காட்டினார்கள். வகை பிரித்து வைத்திருந்ததால்தான் அப்படிக் காட்ட முடிந்தது.

கேள்வி: டீச்சர், கல்லூரி விவாதத்தில் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தின் 1973 சேர்க்கை எண்களைச் சொல்லி, பெண்களுக்குப் பாகுபாடு என்று வாதாடினேன். எதிரணி 'துறைவாரியாகப் பிரித்துப் பார்' என்றது. பிரித்ததும் என் வாதம் உடைந்தது. பிரிப்பது எப்போதும் எதிரணிக்குத்தான் உதவுமா?

பதில்: தம்பி, இந்த எண்களை முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். சாக்பீஸ் தூசியோடு மனப்பாடம்.

அந்த வருடம் முதுநிலைப் படிப்புகளுக்கு 8,442 ஆண்கள் விண்ணப்பித்தார்கள், 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. பெண்கள் 4,321 பேர், 35 சதவீதம். ஒன்பது சதவீத வித்தியாசம். இதைப் பார்த்து யாருக்கும் கோபம் வரும். உனக்கு வந்ததில் தப்பில்லை.

இப்போது துறைவாரியாகப் பிரி. பெரிய துறைகள் ஆறின் எண்கள் பிரபலம். முதல் துறையில் 825 ஆண்கள் விண்ணப்பித்தார்கள், 62 சதவீதம் பேர் சேர்ந்தார்கள். பெண்கள் வெறும் 108 பேர், ஆனால் 82 சதவீதம் பேருக்கு இடம். ஆறாவது துறையைப் பார்: ஆண்கள் 373 பேர், 6 சதவீதம். பெண்கள் 341 பேர், 7 சதவீதம். நடுவில் ஒன்றிரண்டு துறையில் ஆண்கள் மூன்று, நாலு சதவீதம் முந்துகிறார்கள். இந்த ஆறில் எந்தத் துறையிலும் அந்த ஒன்பது சதவீதப் பள்ளம் பெண்கள் பக்கம் இல்லை. அப்படியானால் மொத்தத்தில் பள்ளம் எங்கிருந்து வந்தது? ஆண்கள் கூட்டமாகப் போனது வாசல் அகலமாக இருந்த துறைகளுக்கு. பெண்கள் கூட்டமாகப் போனது நூற்றில் ஏழு பேரை மட்டும் உள்ளே விடும் துறைகளுக்கு. அவ்வளவுதான் விஷயம்.

உன் எதிரணி இங்கே நிறுத்திக்கொண்டு கைதட்டல் வாங்கியிருக்கும். நீயும் அங்கேயே நின்றுவிட்டாய். இந்தக் கணக்கை 1975-இல் 'சயின்ஸ்' இதழில் போட்ட பிக்கல், ஹேமல், ஓகானல் மூவரும் அங்கே நிற்கவில்லை. சேர்க்கைக் குழுக்கள் பாகுபாடு காட்டியதாகத் தெரியவில்லை, சரி. ஆனால் பெண்கள் ஏன் இடம் குறைந்த, பணம் குறைந்த துறைகளாகப் பார்த்துப் போகிறார்கள்? பள்ளிக்கூடத்திலும் அதற்கு முன்பும் அவர்களை அந்தப் பக்கம் திருப்பிவிட்டது எது? கட்டுரையின் முடிவு அந்தக் கேள்வியைத்தான் காட்டுகிறது. நீ குற்றவாளியைத் தப்பான அறையில் தேடினாய், தம்பி. சேர்க்கைக் குழுவை மாற்றியிருந்தால் எண் நகர்ந்திருக்காது. பள்ளிக்கூடத்துக் கணக்கு வகுப்புக்குள் போய்ப் பார்த்திருந்தால் நகர்ந்திருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துறைவாரியாகப் பிரிப்பதுதான் கடைசி வார்த்தை என்றும் நினைக்காதே. பெண்கள் அதிகம் வருகிறார்கள் என்பதற்காகவே ஒரு துறைக்கு இடத்தைக் குறைத்தார்கள் என்று வைத்துக்கொள். பேச்சுக்குத்தான் சொல்கிறேன். அப்போது துறை என்ற கோட்டுக்குள்ளேயே பாகுபாடு ஒளிந்திருக்கும், துறைவாரியாகப் பிரித்தால் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். எந்தக் கோட்டில் பிரிப்பது என்பதை எண் சொல்லாது. அந்த இடம் எப்படி நடக்கிறது என்று விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் பங்குக்கு ஓர் ஒப்புதல் வாக்குமூலம். 'பெர்க்கிலி மீது வழக்குப் போட்டார்கள்' என்று வகுப்பில் சுவையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். புள்ளியியல் ஆசிரியர்கள் நிறையப் பேர் அப்படித்தான் சொல்வோம். வழக்கே நடக்கவில்லை, வழக்கு வருமோ என்ற பயம்தான் இருந்தது என்று பிக்கலே பின்னாளில் சொல்லிவிட்டார். தரவைச் சரிபார் என்று சொல்லிக்கொடுக்கும் கூட்டத்துக்கே இந்த நிலை.

கேள்வி: ஒரு விஷயத்தை எத்தனை வகையாகத்தான் பிரிக்கலாம்? எங்கே நிறுத்துவது?

பதில்: பிரித்த பிறகு செய்யப்போவது மாறினால் பிரியுங்கள். மாறாவிட்டால் விடுங்கள். 1936-இல் லண்டனில் ஹிம்ஸ்வர்த் என்ற மருத்துவர், இன்சுலினுக்குப் பணியும் சர்க்கரை நோய், பணியாத சர்க்கரை நோய் என்று இரண்டைப் பிரித்துக் காட்டினார். சிகிச்சையே வேறு என்பதால் அந்தப் பிரிவு நிலைத்தது. 2018-இல் சுவீடன், ஃபின்லாந்து ஆய்வாளர்கள் பெரியவர்களின் சர்க்கரை நோயை ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்துக்கும் ஐந்து வைத்தியம் என்று ஆகும் வரைக்கும் என் மருத்துவர் இரண்டோடுதான் இருப்பார், அதில் எனக்குக் குறையும் இல்லை.

ஆப்பிரிக்க யானையை 2021-இல் காட்டு யானை, புல்வெளி யானை என்று தனித்தனி இனமாக எடுத்து மதிப்பிட்டபோது, காட்டு யானை 31 வருடத்தில் 86 சதவீதத்துக்கு மேல் குறைந்திருப்பது தெரிந்தது. புல்வெளி யானை 50 வருடத்தில் 60 சதவீதமாவது குறைந்திருந்தது. 'ஆப்பிரிக்க யானை' என்ற ஒரே பெயரின் கீழ் காட்டு யானையின் கதி அதுவரை மறைந்தே கிடந்தது. அங்கே பிரித்தது வீண் வேலை இல்லை.

கேள்வி: எங்கள் அமைப்பில் யாராவது தப்புச் செய்து மாட்டிக்கொண்டால், 'அவர் உண்மையான தொண்டர் இல்லை' என்று உடனே அறிக்கை வருகிறது. இதுவும் நீங்கள் சொல்கிற வகைப் பிரிப்புதானா?

பதில்: மேலே குதர்க்கம் என்று சொன்னேனே, அது இதுதான். பார்த்தால் வகைப் பிரிப்பு மாதிரியே இருக்கும். கோட்டைப் போடும் நேரத்தை மட்டும் கவனியுங்கள். அம்பு எங்கே குத்தியிருக்கிறதோ அங்கே போய் வட்டம் வரைகிறார்கள்.

இதைச் சோதிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். அந்த ஆள் மாட்டிக்கொள்வதற்கு ஆறு மாதம் முன்பு உங்கள் அமைப்பு அச்சிட்ட உறுப்பினர் பட்டியலை எடுங்கள். அதில் அவர் பெயர் இருந்ததா? எந்தத் தலைப்பின் கீழ்? 'உண்மையான தொண்டர்', 'உண்மையில்லாத தொண்டர்' என்று இரண்டு பத்தி இருந்ததா? இருந்திருந்தால் அறிக்கை சரி. ஒரே பத்தியில் எல்லாருடைய பெயரும் இருந்தால், உங்கள் அமைப்பின் உறுப்பினர் ஒருவர் தப்புச் செய்தார் என்பதுதான் செய்தி. நன்கொடை வாங்கும்போது கூட்டிக் காட்டிய எண்ணிக்கையில் அவரும் ஒருவர்தானே.

நேர்மையாகப் பிரிக்கவும் வழி இருக்கிறது. 'எங்களில் பணத்தைக் கையாள்கிறவர்கள், கையாளாதவர்கள் என்று இரண்டு வகை. இதுவரை நடந்த மூன்று தப்பும் முதல் வகையில்தான். அவர்களுக்கு இனி தணிக்கை' என்று ஓர் அறிக்கை வந்தால் சொல்லுங்கள், நானே வந்து உறுப்பினர் ஆகிறேன். இந்தப் பிரிப்பு அடுத்த தப்பைத் தடுக்கும். உங்கள் அமைப்பின் பிரிப்பு அடுத்த அறிக்கையைச் சுலபமாக்கும், வேறொன்றும் செய்யாது.

கேள்வி: 'இடித்துரைப்பதே நட்பு' என்று குறளைக் காட்டுவது எளிது. நடைமுறையில் கூட்டாளியின் தப்பை எப்படிச் சொல்வது? சொன்னால் உறவு போகிறது.

பதில்: போகும். எனக்குப் போயிருக்கிறது. ஒரு கருத்தரங்கில் என் தோழி மேடையில் பேசிக்கொண்டிருந்தாள், பெரிய கூட்டம். அவள் சொன்ன ஒரு விகிதம் தப்பாக இருந்தது. நான் முன்வரிசையில் இருந்து எழுந்து, 'அது பத்தில் மூன்று இல்லை, மூன்றில் ஒன்று' என்றேன். எனக்கு அப்போது அது சேவை மாதிரித் தோன்றியது. அவள் கையில் இருந்த காகிதத்தை நாலாக மடித்தாள், கைப்பைக்குள் வைத்தாள், நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பேச்சில் பாதிகூட முடியவில்லை. நாலு வருடம் என்னோடு பேசவில்லை.

நீங்கள் சொல்லும் 784-ஆம் குறளில் ('நகுதற் பொருட்டன்று நட்டல் மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு') இரண்டு சொல்லை அவசரத்தில் தாண்டிவிடுகிறோம். ஒன்று 'மிகுதிக்கண்'. நண்பர் எல்லை மீறும்போது என்று பொருள். நம் தரப்பு வாதங்களில் வரும் தப்பு பெரும்பாலும் இந்த மிகுதிதான். முழுப் பொய் குறைவு, உண்மையை ஊதிப் பெருக்கியதே அதிகம். அதனால் 'நீ சொல்வது பொய்' என்று தொடங்க வேண்டியதே இல்லை. எது வரை உண்மை, எங்கிருந்து மிகை என்று கோடு போட்டால் போதும். இன்னொன்று 'மேற்சென்று'. பரிமேலழகர் அதற்கு 'முற்பட்டு' என்று உரை சொல்கிறார். முந்திக்கொண்டு சொல்லணும். மேடை ஏறுவதற்கு முன், அச்சுக்குப் போவதற்கு முன். நான் எழுந்தது பிற்பட்டு. அச்சாகி, ஊர்வலமும் போய்விட்ட வாசகமாக இருந்தால் வேறு கதை. அதை அதே அளவு வெளிச்சத்தில்தான் திருத்த முடியும். தனியே காதில் சொல்லி ஒன்றும் ஆகாது.

தோழி இப்போது எதை எழுதினாலும் முதலில் எனக்கு அனுப்புகிறாள். ஒரே நிபந்தனை: சிவப்பு மை கூடாது, பென்சில்.

கேள்வி: நீங்கள் நல்ல எண்ணத்தில் எழுதுவதை எதிர்த்தரப்பு வெட்டி எடுத்துப் பயன்படுத்தினால் என்ன செய்வீர்கள்?

பதில்: பயன்படுத்துவார்கள். அதைத் தடுக்க வழி எனக்குத் தெரியாது. நாம் சொல்லாமல் விட்டு அவர்களே கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரியும்.

ஐ.நா.வின் காலநிலைக் குழு 2007-இல் வெளியிட்ட பெரிய அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஒரு வரி இருந்தது. அந்த அளவு பனி அவ்வளவு சீக்கிரம் உருக வழியே இல்லை. ஒரு பத்திரிகையில் 1999-இல் வந்த பேட்டிச் செய்தி, அதை எடுத்தாண்ட 2005-ஆம் வருடத்து அமைப்பு ஒன்றின் அறிக்கை, அதிலிருந்து இது என்று கைமாறி வந்த எண். உள்ளே இருந்த ஒரு பனியாற்று அறிஞர் அச்சாவதற்கு முன்பே, 2006-இல் எச்சரித்ததாகச் சொல்லியிருக்கிறார். வரி அப்படியே வந்தது. இந்திய விஞ்ஞானி ஒருவர் 2009-இல் வேறு கணக்கோடு வந்தபோது குழுவின் தலைவர் அதை 'மாந்திரீக அறிவியல்' என்கிற தொனியில் தள்ளினார். 2010 ஜனவரியில் குழு வருத்தம் தெரிவித்தது. அதற்குள் காலநிலை மாற்றமே கட்டுக்கதை என்கிறவர்களுக்கு வருடக்கணக்கில் பேசத் தீனி கிடைத்துவிட்டது. பனியாறுகள் சுருங்குகின்றன என்ற உண்மையான கணக்கு அந்த இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. 2006-இலேயே அந்த ஒரு வரியை அடித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கக்கூட வேண்டாம்.

சின்ன எண் நம்மைப் பலவீனமாக்கும் என்ற பயமும் இதற்குள் இருக்கிறது. பொது இடத்தில் புகை பிடிக்கத் தடை வேண்டும் என்கிறவள் நான். அமெரிக்காவில் ஹெலினா என்ற சிறு நகரத்தில் 2002-இல் ஆறு மாதம் தடை இருந்தது. மாரடைப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 40 சதவீதம் குறைந்தார்கள் என்ற ஆய்வு வந்தது. கைதட்டாதவர்கள் இல்லை. ஆனால் அந்த 40 சதவீதம் என்பது சராசரி 40 பேர் 24 பேர் ஆனது. பதினாறு பேர் வித்தியாசம். இவ்வளவு சின்னக் கூட்டத்தில் எண் இஷ்டத்துக்கு ஆடும். இங்கிலாந்து முழுவதும் 2007-இல் தடை வந்தபோது, முதல் வருடத்தில் குறைந்தது 2.4 சதவீதம். 40 எங்கே, 2.4 எங்கே என்று எதிர்த்தரப்பு சிரித்தது. அந்த 2.4 சதவீதம் ஏறக்குறைய 1,200 அவசரச் சிகிச்சை. இங்கிலாந்து அளவுக்குப் பரந்த கணக்கு என்பதால் அது ஆடாது. நான் 2.4-ஐத்தான் சொல்வேன். 40-ஐச் சொல்கிற என் நண்பர்களிடம் ஹெலினாவில் எத்தனை பேர் என்று கேட்பேன். கூட்டத்துக்குக் கூப்பிடுவதைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள் என்பது உண்மைதான்.

கேள்வி: பத்து வருடமாக உங்கள் வாசகன். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. வகைப் பிரிப்பைப் பற்றி ஆறு மாதம் முன்பு எழுதியபோது, 'ரொம்பச் சின்னது என்பதால் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்' என்றீர்கள். காரணம் அளவு இல்லையே?

பதில்: இல்லைதான். 2006 ஆகஸ்டில் பிராகாவில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் மூன்று நிபந்தனை வைத்தது: சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பால் உருண்டையாகியிருக்க வேண்டும், தன் பாதையின் சுற்றுப்புறத்தைச் சுத்தமாக்கியிருக்க வேண்டும். புளூட்டோ முதல் இரண்டில் தேறியது, மூன்றாவதில் தவறியது. அளவைப் பற்றி அங்கே ஒரு எண்ணும் இல்லை. எனக்குக் கோள்களின் படம் மட்டும் மனதில் இருந்தது, அதில் அது கடுகு மாதிரி இருக்கும், கை எழுதிவிட்டது.

பழைய இதழைத் தேடிப் பார்த்தேன். அந்த வரியைக் கொட்டை எழுத்தில் பெட்டி கட்டிப் போட்டிருக்கிறார்கள். திருத்தத்தையும் அதே கொட்டை எழுத்தில், அதே அளவு பெட்டியில் போடச் சொல்லி ஆசிரியருக்கு எழுதியிருக்கிறேன். இடம் இல்லை என்றால் என் படத்தை எடுத்துவிடலாம் என்றும் சேர்த்திருக்கிறேன்.